பீடி குடிக்காதவர்களுக்கு ஒரு கூட்டம்

ஓசூரில் எங்கள் கம்பெனியில், ஷிப்ட் முடிந்த பெண்களையெல்லாம் புகைப்பழக்கம் பற்றிய கூட்டத்தில் உட்கார வைத்தார்கள். வந்திருந்த ஆலோசகர் கறுத்துப்போன நுரையீரல் படத்தைக் காட்டி, "இன்னிக்கே விட்டுடுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்து, "பீடி குடிக்கிறது என் வீட்டுக்காரரு சார். ஒரே ரூமு. எளப்பு இருக்கற புள்ளய வெச்சிக்கினு அந்தப் பொகையில கெடக்கறேன். எனக்கு எதுக்கு இந்தப் படம்?" என்று கத்தினேன்.

சூப்பர்வைசர் முறைத்தார். ஆலோசகர் படத்தை அணைத்துவிட்டு, "வெளிய போய்க் குடிக்கச் சொன்னீங்களாம்மா?" என்றார்.

"சொன்னா அடிப்பாரு."

பக்கத்திலிருந்தவள், "எங்க வூட்லயும்தான்" என்றாள்.

அடுத்த வாரம் ஆலோசகர் படமில்லாமல் வந்தார். புகையிலிருந்து பிள்ளையை எப்படிக் காப்பது, அடித்தால் யாரிடம் போவது என்று மட்டும் பேசினார். என் வீட்டுக்காரர் இன்னும் பீடியை விடவில்லை. அவரிடம் கத்த வேண்டியதை, முன்பின் தெரியாத ஒருவரிடம் கத்தியிருக்கிறேன். அந்த மனிதர் காது கொடுத்துக் கேட்டார்.