பருத்தி அம்பாரத்தில் ஒரு பனிச்சரிவு

“பனிக்குள்ள பொதஞ்சுபோனா உன்னைய எங்க போயித் தேடறது அம்மணி?” என்றார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து, இமயமலை வரை போய்ப் பனிச்சறுக்கும் கற்று வந்தவள். அந்தத் திமிரில், இரண்டாம் பயிற்சிக்குத் தேர்வானதைச் சொன்னதோடு நிறுத்தாமல், ஆளில்லாத மலைச்சரிவில் பனி மொத்தமாகப் பெயர்ந்து வரும் கதையையும் அளந்துவிட்டேன். அனுப்ப முடியாது என்றுவிட்டார்.

“அதுக்கு வழி இருக்குதுங்கப்பா. மோசமான எடத்த ஒவ்வொருத்தராத்தான் தாண்டோணும். மத்தவங்க பத்திரமா ஓரத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க.”

காரியம் இன்னும் கெட்டது. கூட வந்தவர் செருப்பு மாட்டும்வரை வாசலில் காத்து நிற்கிற ஊர் எங்களுடையது.

“ஒரு புள்ளையத் தனியா உட்டுப்போட்டு மத்ததெல்லாம் வேடிக்கை பாக்குமா? நல்லா இருக்குது நாயம்!”

மறுநாள் மதியம் சோற்றுத் தூக்குப்போசியோடு அப்பா வேலை செய்யும் ஜின்னிங் மில்லுக்குப் போனேன். குடோனில் கூரை உயரத்துக்குப் பருத்தி அம்பாரம். அடியில் அள்ளி அள்ளிக் குடைந்திருந்தது. மேலிருந்து பருத்தியைத் தள்ளிவிட அப்பாவும் கூட்டாளிகள் இருவரும் ஏற நின்றார்கள்.

“ஒவ்வொருத்தரா ஏறுங்கப்பா,” என்றேன்.

“நீங்க ஏறுங்க,” என்றார் அப்பா கூட்டாளியிடம்.

“அட, நீங்க மொதல்ல போங்க.”

“எதுக்குங்க, ஒண்ணாவே போயரலாம்.”

மூவரும் சேர்ந்து கால் வைத்தார்கள். அம்பாரம் பொதபொதவென்று சரிந்தது. பஞ்சுத்தூசி அடங்கியபோது மூன்று தலைகள் மட்டும் தெரிந்தன.

“ஏனுங்க, கொஞ்சம் கை குடுங்க.”

“எங் கையே எங்க கெடக்குதுன்னு தெரியலீங்க.”

மேலிருந்து பறித்தால் அவர்கள் தலையில்தான் கொட்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டு, சரிந்த பக்கத்தின் கீழிருந்து வாரி எடுத்தேன். முதலில் வெளியே வந்தவர் அப்பா. மீசையெல்லாம் பஞ்சு.

“நீயும் எங்ககூட ஏறியிருந்தா?”

“சாயங்காலம் மில்லுச் சங்கு ஊதற வரைக்கும் நாலு பேரும் உள்ளதானுங்கப்பா.”

அப்பா அம்பாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அங்க உன்னையப் பாத்துட்டு நிக்கறவங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?”

“நல்லாத் தெரியுமுங்க.”

“அப்பச் செரி. போயிட்டு வா கண்ணு.”

ஊட்டிக்கு லாரி ஓட்டும் எதிர்வீட்டு அண்ணனிடம் கம்பளிக் காலுறை வாங்கிவரச் சொல்லி, அன்று காலையிலேயே கால் அளவு கொடுத்தனுப்பியிருந்தேன்.