பெயர் காட்டாத பட்டியல்

தேவையானதை இணையத்தில் பட்டியல் போட்டால் வாங்கித் தருவதாகக் கனடாவிலிருக்கும் தமையன் வின்சனும் சொந்தங்களும் சொன்னார்கள். முல்லைத்தீவில் கருவாடு போட்டுச் சீவிக்கும் யூலிற்றாவுக்கு மகள் இரண்டு தளங்களைக் காட்டினாள்.

“இதில வாங்கித் தாற ஆக்களின்ர பேர் எல்லாருக்கும் தெரியும். மற்றதில தெரியாது, அம்மா.”

“தெரியாததிலயே போடு. கோயிலுக்கு அவை குடுத்த, பேர் எழுதின கதிரையில இருந்து செபிக்கிறது காணாதே?”

ஒரு மாதமாக ஒரு ஊசிகூட வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேர் காட்டும் தளத்துக்கு மாறினாள். அந்தக் கிழமையே தையல் மெசின் வந்திறங்கியது, ‘வின்சன் குடும்பத்தின் அன்பளிப்பு’ என்று பொறித்த தகட்டோடு.

யூலிற்றா அதில் முதன்முதல் தைத்தது, அந்த மெசினையே மூட ஒரு உறை. தமையனின் வீடியோ கோல் வந்தால் ஓடிப்போய்க் கழற்றுவாள்.