ரிப்பேரில் இருந்த ராட்டினம்

எங்கள் பூங்காவின் வாசலில் செந்தாமரையின் படம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. பூங்கா என்றதும் பூச்செடியைத் தேடாதீர்கள். மன்னார்குடி சாலையில், நெல் விளைந்த நிலத்தை மண்ணடித்து மேடாக்கி, ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற பொழுதுபோக்குப் பூங்கா. படத்தில் அவள் இரண்டு கையையும் விரித்துச் சிரிக்கிறாள். கீழே, காது கேளாத விருந்தினர்களுக்குச் சிறப்புச் சேவை என்று எழுதியிருக்கிறது. அந்தச் சேவையின் லட்சணத்தை என்னைக் கேளுங்கள். லாக்கர் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் செருப்பையும் ஈரத்துணியையும் காவல் காக்கிறவள் நான். எனக்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறதே, அதுதான் சிறப்புச் சேவை மையம்.

செந்தாமரைக்குக் குடவாசல் பக்கம் ஒரு கிராமம். அம்மா அம்சம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிள்ளைகளை வளர்த்தவர். மூத்தவன் செல்லதுரைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாதோர் பள்ளி விடுதியிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் புதிதாகப் படித்த சைகைகளைத் தங்கைக்குச் சொல்லிக்கொடுப்பான். அவளுக்கு வாய்ப்பேச்சும் கைப்பேச்சும் ஒன்றாகவே வந்தன. அம்சத்துக்குச் சோறு, தண்ணீர், வா, போ என்பதற்கு மேல் கை வரவில்லை. அப்பாவுக்கு அதுவும் வரவில்லை. அதனால் செல்லதுரைக்கு வெளியுலகம் என்றால் தங்கையின் கைதான். ரேஷன் கடையோ பேங்கோ, பாவாடை கட்டிய வயதிலிருந்தே அவளைக் கூட்டிக்கொண்டுதான் போவான். ஊர்க்காரர்கள் அவனிடம் பேசியதே இல்லை. அவனை எதிரில் நிற்கவைத்துக்கொண்டு அவளிடம் பேசினார்கள். ஊமையனுக்கு என்ன வேணுமாம் என்று கேட்பார்கள்.

இதை அப்படியே கையில் சொல்ல எந்தத் தங்கைக்கு மனசு வரும்? அண்ணனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள் என்பாள். அங்கேதான் ஆரம்பித்தது. கசப்பையெல்லாம் தான் விழுங்கிவிட்டு மிச்சத்தை அவனுக்குக் கொடுக்கப் பழகிவிட்டாள். திருத்துறைப்பூண்டியில் அவனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் தாய்மாமன், மாடுகூடக் கூப்பிட்டால் காதை ஆட்டும், இவர் என்ன ஆட்டுவார் என்று கேட்டிருக்கிறான். ஜாதகம் பொருந்தவில்லையாம் என்று இவள் அண்ணனிடம் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே அந்த வீட்டு பஜ்ஜியைத் தின்று முடித்தான்.

பிறகு கூடப் படித்த பிரதீபாவையே கட்டிக்கொண்டான். அவளுக்கும் காது கேட்காது. குடவாசலில் வெல்டிங் பட்டறை வைத்தான். கேட், கிரில் என்று வேலைக்குக் குறைவில்லை. ஞாயிறு சாயங்காலம் மன்னார்குடி தெப்பக்குளக் கரையில் காது கேளாதவர்கள் கூடுவார்கள். காது கேட்கிற சனங்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று யாராவது அங்கே குறைப்பட்டால், என் தங்கை இருக்கிறாள், அவள் கை பொய் சொல்லாது என்பானாம். செந்தாமரைக்கு நகை நட்டு கிடையாது, கட்டிய புருஷனும் நிலைக்கவில்லை. அண்ணன் வைத்திருந்த அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளுக்குச் சொத்து.

எங்கள் பூங்காவுக்கு அவள் வந்ததே ஒரு போட்டோவுக்காகத்தான். ஏதோ ஒரு கூட்டத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று யாரோ கேட்டுவிட்டார்கள். மேனேஜர் பிரபு அடுத்த வாரமே சைகை தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்துவிட்டார். பாவம், அவள் உண்மையென்று நம்பி வந்தாள். ராட்டினம் கிளம்பும் முன்பும் நிற்கும் முன்பும் ஒரு விளக்கு எரியட்டும், மைக்கில் சொல்வதைப் போர்டில் எழுதிவைக்கலாம் என்றெல்லாம் போய்ச் சொன்னாள். பார்க்கலாம்மா என்றார் பிரபு. அவர் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை.

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளில் அவளுடைய உண்மையான வேலை எது என்று புரிந்தது. பெரிய ராட்டினத்தில் காது கேளாதவர்களை ஏற்றக் கூடாது. அதை அவர்களிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்ப வேண்டும். கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். மைக்கில் சொல்கிற எச்சரிக்கை அவர்கள் காதில் விழாதாம். அந்த மைக்கில் சொல்வது இத்தனை நாளில் என் காதிலேயே விழுந்ததில்லை. ஒரு பக்கம் சினிமாப் பாட்டு அலறும், ஒரு பக்கம் ஏறினவர்கள் அலறுவார்கள். இதில் யாருக்கு என்ன கேட்கும்?

டிக்கெட் வாங்கும்போது சொல்லமாட்டார்கள். முழுக் காசையும் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டு, ராட்டினத்தின் அடியில் வந்து நின்ற பிறகுதான் செந்தாமரை சொல்ல வேண்டும். உங்களுக்குக் காது கேட்காது, அதனால் இடமில்லை என்று அவள் கையால் சொல்ல முடியுமா? ராட்டினம் ரிப்பேர் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் தலையாட்டிவிட்டுத் தண்ணீர்ச் சறுக்குக்குப் போவார்கள். மேலே ஓடுகிறதே என்று யாராவது காட்டினால், சோதித்துப் பார்க்கிறார்கள் என்பாள். அடுத்த வருஷம் அதே ஆட்கள் வந்து, சரிசெய்துவிட்டார்களா என்று ஆசையாகக் கேட்பார்கள். இன்னும் இல்லை என்பாள். எவனோ ஒருத்தன் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். சொன்னது அவர்கள் பாஷை பேசுகிற கையல்லவா.

அவளை நான் கண்டித்ததில்லை. நல்ல மனசு, எத்தனை நாளைக்குத்தான் இப்படிப் பூசி மெழுகுவாள் என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

போன பொங்கல் லீவில் தெப்பக்குளத்துக் கூட்டம் ஒரு வேன் பிடித்து வந்தது. செல்லதுரையும் பிரதீபாவும்தான் முன்னால். தங்கை வேலை செய்கிற இடமாச்சே, வேனிலிருந்து இறங்கும்போதே அவன் முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை. செந்தாமரை வழக்கம்போல ரிப்பேர் என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். ராட்டினம் ஆள் நிரம்பிச் சுற்றுகிறது. சோதிக்கிறார்கள் என்றாள். அது நின்று, ஏறினவர்கள் இறங்கி, வரிசையில் நின்றவர்கள் மறுபடி ஏறுகிற வரைக்கும் அவன் அசையாமல் பார்த்தான். பிறகு பேசாமல் போய் வரிசையில் நின்றுகொண்டான். கேட்டில் இருந்தவன் அவன் நெஞ்சில் கையை வைத்துத் தடுத்தான். கூட்டம் கூடிவிட்டது. நானும் கவுண்டரைப் பூட்டிவிட்டு ஓடினேன். அங்கே கையால் பேசிக்கொண்டது எதுவும் எனக்குப் புரியவில்லை. எல்லாம் பிறகு அவள் வாயால் கேட்டதுதான்.

பிரபு வந்தார். ராட்டினத்தில் என்ன கோளாறு என்று இவரைக் கேள் என்றான் செல்லதுரை. அவள் கேட்டாள். வேறு வழி?

பிரபுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரிப்பேருன்னா சொல்லி வச்சிருக்க? செவிட்டுக் கூட்டத்த ஏத்தக் கூடாது, அதாம்மா ரூல். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? சொல்லு, நிக்கிறாங்க பாரு."

வேனில் வந்த அத்தனை பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் சொன்னாள். செவிட்டுக் கூட்டம் என்பதையும் விடாமல், சிரித்ததையும் விடாமல், ஒரு சொல் மாற்றாமல் சொன்னாள். பிறந்ததிலிருந்து ஒளித்து ஒளித்து வைத்தவள் அன்றைக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு கேட்டேன். "கை அலுத்துப்போச்சுக்கா" என்றாள்.

செல்லதுரை சண்டை போடுவான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அவன் பிரபுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று தங்கையைக் கேட்டான். சேர்ந்த நாளிலிருந்து என்றாள். அப்புறம் அவன் கேட்டது ராட்டினத்தைப் பற்றியே இல்லை. அப்பாவுக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, கடைசி நாளன்று காலையில் டாக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்டான்.

அன்றைக்கு டாக்டர், பொழுது சாயும்வரை தாங்காது, பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்றிருக்கிறார். செந்தாமரை அண்ணனிடம், தேறிவருகிறார், பயமில்லை என்று சொல்லியிருக்கிறாள். அவன் கலங்கி நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லையாம். அவனும் அதை நம்பி, பாதியில் நின்ற ஒரு கேட் வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று குடவாசலுக்குப் போனான். திரும்பி வந்தபோது அப்பாவைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். திடீரென்று ஆகிவிட்டது என்றாள். அதையும் நம்பினான்.

ராட்டினத்தின் அடியில் நின்று அவள் இதைச் சொல்லச் சொல்ல, பிரதீபா வாயைப் பொத்திக்கொண்டாள். செல்லதுரை எல்லோரையும் கூட்டிக்கொண்டு வேனில் ஏறிப் போய்விட்டான்.

பிரபு அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தப்போகிறார்? போட்டோவில் இருக்கிறாளே. காது கேளாதவர்கள் ஏறக் கூடாது என்று ராட்டினத்தின் அடியில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு வைத்தார். மைக்கில் சொல்வதை எழுதிவைக்கக் கிடைக்காத போர்டு இதற்குக் கிடைத்தது. தெப்பக்குளக் கூட்டத்திலிருந்து அப்புறம் ஒருவரும் வரவில்லை. அவள் அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் இப்போது யாரிடம் பேசுவதானாலும் போனை நீட்டிவிடுகிறானாம். எதிரில் இருப்பவர் பேசினால் அது எழுத்தாக விழும். திட்டினால் திட்டாகவே விழும். அது போதும் என்று சொல்லிவிட்டானாம். அம்சம் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அழுதார். கடைசியில் ஒரு நாள் செந்தாமரை, துணைக்கு வாங்கக்கா என்று என்னைக் குடவாசலுக்குக் கூட்டிப்போனாள்.

செல்லதுரை முகம் கோணவில்லை. எங்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான். பிரதீபா டீ போட உள்ளே போனாள். அவன் என் பக்கம் போனை நீட்டி, சௌக்கியமா என்று எழுதிக் காட்டினான். நான் சௌக்கியம் என்றேன். அதில் எழுத்து விழுந்தது. சிரித்தான்.

செந்தாமரை எழுந்து அவன் எதிரில் போய் நின்று கையை உயர்த்தினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டாலும் கத்தினால் கொஞ்சம் விழும். கண்ணை மூடிக்கொண்ட அவனிடம் என்ன செய்வது? தோளைத் தொட்டாள். திறக்கவில்லை. போய்விடலாம் வா என்று நான் கூப்பிட்டேன். அவள் கேட்கவில்லை. மூடிய அந்த முகத்துக்கு நேராக நின்று கையால் பேச ஆரம்பித்தாள். நிறுத்தி நிறுத்தி, அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு, முழுவதையும் சொல்லி முடித்தாள். பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். எனக்கு அந்தப் பாஷை தெரியாது.