வராமல் போன மாதம்

ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் பெண்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவள் ஒருத்திக்குத்தான் முப்பத்திரண்டு. அதனால் கடைக்குட்டி என்றே பெயர். ஆனால் முப்பதிலேயே அவளுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும். மற்றவர்களுக்கும் அதே பாடு என்பதால் அங்கே யாரும் பரிதாபப்படவில்லை. "வாடி, நீயும் நம்ம கட்சிதான்" என்று சேர்த்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் பார்த்த பார்வைக்கு அந்த வெந்து சாகிற கூடமே தேவலை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ஒரு பிள்ளை. அதற்காகத்தான் மருத்துவமனையின் ஆராய்ச்சிக்குச் சம்மதித்தாள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, அதிலிருந்த ஸ்டெம் செல்களைப் பிரித்து, வேலைநிறுத்தம் செய்திருந்த சினைப்பைக்குள் ஊசியால் செலுத்தினார்கள்.

"பலன் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்மா. என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர். உள்ளதைச் சொன்ன மனுஷி. கணவன்தான் அன்று சாயங்காலமே கடைக்குப் போய்த் தொட்டில் பார்த்துவிட்டு வந்தான். அவசரக்குடுக்கை.

சில மாதங்கள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள், விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. நாப்கின் கேட்டாள். கூடம் முழுக்க ஒருத்தியிடமும் இல்லை. விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோருக்கும் மூத்த அக்கா பழைய தலையணை உறை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். அடுத்த மாதமும் வந்தது. அதற்கடுத்த மாதம் வரவில்லை.

"போச்சுக்கா. மறுபடியும் நின்னுபோச்சு" என்று துணிமூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். நாலும் ஐந்தும் பெற்றவர்கள் சுற்றி நின்றும் ஒருத்திக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. அந்தக் கூடத்தில் நின்றால் நின்றதுதான்.

"அழாதடி. எங்ககூடவே இருந்துட்டுப் போ" என்று முதுகைத் தடவினாள் அக்கா. கணவனிடம் அவள் வாயே திறக்கவில்லை. அவன் முகம் தொங்கிப்போவதைப் பார்க்கத் தெம்பில்லை.

ஆராய்ச்சி தோற்றுவிட்டது என்று சொல்லத்தான் மருத்துவமனைக்குப் போனாள். "நின்னுபோச்சு சிஸ்டர். இன்னொரு ஊசியெல்லாம் வேணாம், மனசு தாங்கல." நர்ஸ் ஒரு சின்ன டப்பாவை நீட்டிக் கழிப்பறையைக் காட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கொண்டுவந்து காட்டிய சோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள் இருந்தன. அவள் அதைக் கையில் வாங்காமல் நர்ஸ் பக்கமே தள்ளினாள்.

"மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்க சிஸ்டர். இது வேற யாரோடதோ."

"இன்னிக்கு நீங்க ஒருத்தர்தாம்மா குடுத்திருக்கீங்க."