அட்டைக்குள் போன பெயர்

சாந்தோமில் இருபத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த மரியதாஸுக்கு மனிதர்களைப் பிடிக்காது. செத்தவர்களிடம் மட்டும் பொறுமை உண்டு. கோடை விடுமுறைகளில் பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேடுகளைப் புரட்டி, காலராவில் போனவர்களைத் தெருவாரியாக எண்ணினார். கிணறு மாறினால் சாவின் கணக்கும் மாறுகிறது என்று கண்டார். அதைக் கட்டுரையாக்கி, மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற டாக்டர் பத்ரிநாராயணன் நடத்திய வைத்திய சரித்திரக் காலாண்டிதழுக்கு 1941இல் அனுப்பினார். பதில் வரவில்லை. கட்டுரை வந்தது, 1943 ஜனவரி இதழில். கிணறுகள் மரியதாஸ் தேடியவை, பிணங்கள் மரியதாஸ் எண்ணியவை. பெயர் மட்டும் பத்ரிநாராயணனுடையது.

இதழின் நூலகம் டாக்டர் வீட்டு முன்னறைதான். மரியதாஸ் நேரே போய் நின்றார்.

"நீர் அனுப்பினதுக்கு அத்தாட்சி என்ன ஓய்? ஆதாரமில்லாத பேச்சை நான் காதுல போட்டுக்கறதில்லை" என்றார் டாக்டர்.

பொய்யில்லை. அடிக்குறிப்பு இல்லாமல் அவர் எதையும் எழுதியதில்லை. மகள் கல்யாணப் பத்திரிகையில்கூட நட்சத்திரக் குறி போட்டு, முகூர்த்தத்துக்குப் பஞ்சாங்கத்தின் பக்க எண் கொடுத்தவர். திருடிய கட்டுரைக்கும் எழுபத்திரண்டு அடிக்குறிப்பு. திருட்டில் அப்படியொரு நாணயம்.

அத்தாட்சி இருக்கத்தான் செய்தது. இதழின் மேலட்டைக்குப் பின்புறம் 'வந்து சேர்ந்த கட்டுரைகள்' என்று பட்டியல் அச்சாகும். 1941 ஏப்ரல் இதழில் தன் பெயரை மரியதாஸ் பார்த்திருந்தார். ஆனால் போன வருஷம் ஜப்பான் குண்டுக்குப் பயந்து ஊரே காலி செய்தபோது, பூட்டிய வீட்டிலிருந்த அவர் பிரதியைக் கரையான் படித்து முடித்துவிட்டது. நூலகப் பிரதியில் மேலட்டையே கிடையாது. வருஷத்து நாலு இதழையும் ஒரே தொகுதியாக பைண்டு செய்யும்போது மேலட்டைகளை உரித்துவிடுவது வழக்கம்.

உரித்தவர் ராயப்பேட்டை பைண்டர் இனாயத்.

"உரிச்சதையெல்லாம் என்னய்யா பண்ணினே?" என்று, நடந்ததையெல்லாம் கொட்டி அவரிடம் பாய்ந்தார் மரியதாஸ்.

"சண்டை டைம்ல கெட்டி அட்டை எங்க சார் கெடைக்குது? அந்தக் காயிதத்தையே ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டி அட்டையாக்கிட்டேன். உம் பேரு எங்கியும் போவல. அந்த புக்கு பின்னட்டைக்குள்ளதான் கீது."

"பிரிச்சுக் குடு."

"நான் ஒட்னத நானே கிய்ப்பேனா? உங்க ரெண்டு பேர் சண்டையில என் பசைய இழுக்காத வாத்தியாரே!"

அடுத்த சனிக்கிழமை மரியதாஸ் ஈரத்துண்டும் பேனாக்கத்தியுமாக நூலகத்துக்குப் போனார். 1941 தொகுதியை எடுத்து, பின்னட்டையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

டாக்டர் உள்ளே வந்தார். "என்ன ஓய், புஸ்தகத்துக்கு ஜுரமா?"

"ஒத்தடம் குடுக்கறேன் டாக்டர். உள்ள ஒரு பேர் கட்டிக்கிட்டு நிக்குது."

ஊறிய தாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மூன்றாவது தாளில் பட்டியல் வந்தது. மரியதாஸ் விரல் வைத்துக் காட்டினார். டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு வெடுக்கென்று இழுத்தார். ஈரத்தாள் அவர் கையிலேயே கூழாயிற்று.

"இப்போ எங்கே ஓய் உம்ம அத்தாட்சி? நூலகச் சொத்தை நாசம் பண்ணினவர் நீர். இதழ்ல போட்டு மானத்தை வாங்கறேன் பாரும்!"

வீட்டில் மனைவி வெரோனிகா விசாரித்தாள். "செத்தவங்க பேரை எண்ணப் போயி, சொந்தப் பேரைத் தொலைச்சிட்டு வந்தீங்களாக்கும்?"

ஏப்ரல் இதழில், சொன்னபடி, மரியதாஸை நூலகத்திலிருந்து நீக்கிய அறிவிப்பு வந்தது. 'மதிப்புள்ள தாள் ஒன்றைச் சேதப்படுத்திய குற்றத்துக்காக.' தாள் என்ற சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்:

'1941 ஏப்ரல் இதழின் மேலட்டை, பின்புறம். வந்து சேர்ந்த கட்டுரைகள், வரிசை எண் 4: வி. மரியதாஸ், சாந்தோம் அடக்கப் பதிவேடுகளில் காலராவும் கிணறுகளும். வந்த தேதி: மார்ச் 11.'

மரியதாஸ் அந்த இதழை இனாயத்திடம் கொண்டுபோனார்.

"இதை மட்டும் தனியா பைண்டு பண்ணு. ஒரு தாளை உரிச்சே, தொலைஞ்சே!"

"சண்டை முடிஞ்சிதா சார்?"

"இப்பத்தான்யா ஆரம்பிக்குது."