பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

ஆயுத பூஜைக்குக் கேமரா, லைட், லேப்டாப் எல்லாவற்றுக்கும் என் மனைவிதான் பொட்டு வைப்பாள். போன வருஷம், ஓடிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்கையும் தூக்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கப் போனாள். ஒயர் இழுத்து டிஸ்க் கீழே விழுந்தது. அதிலிருந்து டிக் டிக்கென்று ஒரே சத்தம்.

"பொட்டு வைக்கத்தானேங்க எடுத்தேன்," என்றாள். நான் கத்தியது எங்கள் தாமானில் எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அதில் இருந்தது கூலிம் ஊரில் பேக்டரி வேலை செய்யும் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு நான் எடுத்த வீடியோ. மெமரி கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுவிட்டேன். வேறு பிரதி கிடையாது. கல்யாணத்தன்று அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார், டிஸ்க் விழுந்தபோதும் அங்கேதான். மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவர் பார்க்கவில்லை.

"அண்ணே, எப்ப லா கிடைக்கும்? அம்மா தினமும் கேக்கறாங்க," என்று அந்தப் பெண் அடிக்கடி போன் செய்தாள்.

கம்ப்யூட்டர் கடை அக்காவிடம் ஓடினேன். "தொறந்து தொறந்து பாக்காதீங்க தம்பி. ஒவ்வொரு தடவையும் இன்னும் கெட்டுப்போகும். மொத இமேஜ் எடுத்துருவோம்," என்றார். டிஸ்கில் உள்ளதை அப்படியே இன்னொரு டிஸ்குக்கு நகலெடுப்பதுதான் இமேஜ். அதற்கான சாப்ட்வேர் நல்ல இடங்களை முதலில் படித்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். தேடுவதெல்லாம் அந்த நகலில்தான்.

ஆமை வேகத்தில் நகர்ந்தது. என்னால் உட்கார முடியவில்லை. தே தாரிக் குடிக்கப் போவேன், பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவேன்.

"மறுபடியும் வந்துட்டீங்களா? போய் வேலைய பாருங்க லா!" என்று அக்கா விரட்டுவார்.

ஒருவழியாக இமேஜ் முடிந்தது. பந்திக் காட்சியில் பாதி போயிருந்தது. தாலி கட்டும் காட்சி முழுதாக இருந்தது. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கூடவே பழைய எரிச்சலும் வந்தது: பெண்ணின் அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம். "ஒட்டி நில்லுங்க அண்ணே, படம் நல்லா வராது," என்று மண்டபத்தில் எத்தனை தடவை சிடுசிடுத்தேன்! அவர் அசையவே இல்லை.

நானே ஆஸ்பத்திரிக்கு லேப்டாப்பைக் கொண்டுபோனேன். அம்மா கண் கொட்டாமல் பார்த்தார். கெட்டிமேளம் கொட்டியதும் அவர் விரல் திரையில் அந்த வெற்றிடத்தில் போய் நின்றது.

"இது யாருக்கு?" என்று பக்கத்தில் இருந்த கணவரைக் கேட்டார்.

"ஒனக்குத்தான் லா. யாரையும் நிக்க விடல."