பதினோரு மெக்கானிக்குகளும் ஒரு பொது நோட்டும்

ரேடியோ ரிப்பேர் தொழிலில் பழுதைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. பக்கத்துக் கடைக்காரர் அதே பழுதை எப்படிச் சரிசெய்தார் என்பதை அவர் வாயிலிருந்து வாங்குவதுதான் பெரும்பாடு.

எழுபதுகளின் நடுவில் தென்காசி ரத வீதியில் கடை வைத்திருந்தேன். கம்பெனி செட் வாங்க முடியாதவர்களுக்கு, உள்ளூரில் கிடைக்கிற பாகங்களை வைத்து மெக்கானிக்குகள் நாங்களே ரேடியோ கட்டிக் கொடுப்போம். ஆளுக்கொரு சர்க்யூட். நான் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் சிக்கலை, நாலு கடை தள்ளி ஒருவர் போன வருஷமே தீர்த்திருப்பார். ஆனால் மூச்சு விடமாட்டார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மாதம் ஒரு ஞாயிறு எல்லோரும் கூடுவது. எல்லோருக்குமாக ஒரே சர்க்யூட்டை ஒரு பொது நோட்டில் வரைவது. யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். எடுத்தவர் அதில் நல்ல மாற்றம் ஏதாவது செய்தால், திரும்பி வந்து அதே நோட்டில் வரைந்துவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

மன்றம், வட்டம், கமிட்டி என்று எதையாவது கூட்டிப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு நடந்ததை நான் சொல்லவே வேண்டாம். இருந்தாலும் சொல்கிறேன். நமக்கு நம்மை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

சாக்பீஸ்

பன்னிரண்டு பேருக்குக் கார்டு போட்டேன். பதினோரு பேர் வந்துவிட்டார்கள். ஒரு டுடோரியல் காலேஜ் வகுப்பறையை ஞாயிற்றுக்கிழமைக்காகக் கேட்டு வாங்கியிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்த பதினோரு பேரையும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். முதலில் என்னுடைய சர்க்யூட்டை ஒளிவுமறைவில்லாமல் கரும்பலகையில் வரைந்தேன். எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள்.

"அடுத்து யாரு வாரீங்க?" என்று சாக்பீஸை நீட்டினேன். ஒருவர் ஓடாத மின்விசிறியைப் பார்த்தார். ஒருவர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். ஊரிலேயே மூத்த மெக்கானிக் அருணாசலம் அண்ணாச்சி எழுந்தார். அப்பாடா என்று சாக்பீஸோடு இரண்டடி முன்னால் போனேன். அவர் சுவரோரம் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் எல்லாத்தையும் சொல்லிட்டா, பெறவு என் கடைக்கு எவன் வருவான்?"

சாரல்

நாலைந்து மாதத்தில் கூட்டம் ஆறு பேராகச் சுருங்கியது. ஆள் சேர்க்க என்ன வழி என்று யோசித்து, ஆடி மாதக் கூட்டத்தைக் குற்றாலத்தில் வைத்தேன். இருபத்திமூன்று பேர்! புளியங்குடி, செங்கோட்டை, திருவேங்கடத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஒருவர் கையிலும் ஈயம் பற்றவைக்கும் கோல் இல்லை. எல்லோர் கையிலும் எண்ணெய்ப் பாட்டிலும் துண்டும். "ஒரு குளி போட்டுட்டு வந்து உக்காந்திருவோம்" என்று ஐந்தருவிக்குப் போனார்கள். சட்டை, கடிகாரம், செருப்பு எல்லாவற்றுக்கும் காவலாக நானும் பொது நோட்டும் சாரலில் உட்கார்ந்திருந்தோம்.

மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பியவர்களில் ஒருவர், தலையிலிருந்து எண்ணெய் வழிய, ஆசையாக நோட்டைப் புரட்டினார். பக்கம் கண்ணாடி மாதிரி ஆகி, அடுத்த பக்கத்துச் சர்க்யூட்டும் சேர்ந்து தெரிந்தது. ஒருவர் இரண்டையும் ஒன்றென்று நினைத்து நகல் எடுத்துக்கொண்டு போய்க் கட்டி, செட்டைப் புகைய விட்டது பிறகு நடந்த கதை. அன்றைக்கு எல்லோரும் பசியோடு பஸ் ஏறியபோது, அந்த எண்ணெய்க்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு மனசாரச் சொன்னார்: "கூட்டம்னா இதுல்லா கூட்டம். மாசாமாசம் இங்கனயே வச்சிருங்க அண்ணாச்சி."

சொந்தம்

செங்கோட்டைக் கிருஷ்ணன் ஒரு கூட்டம்கூடத் தவறமாட்டார். முதல் பெஞ்சில் உட்காருவார். வாயே திறக்கமாட்டார், பேனா மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நான் அவரைப் பற்றி மற்றவர்களிடம் பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

ஒருநாள் செங்கோட்டைக்கு ஒரு வேலையாகப் போனபோது அவர் கடை வாசலில் அச்சடித்த தாள் தொங்கியது. எங்கள் சர்க்யூட். ஆறு பேர் ஒன்றரை வருஷம் அடித்துத் திருத்தி வரைந்த சர்க்யூட். மேலே அவர் பெயர், கீழே தடித்த எழுத்தில், ‘இதை நகல் எடுப்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ "இது என்ன ஞாயம்?" என்றேன். அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்து, நிதானமாகக் கேட்டார்: "சாரே, எல்லாருக்கும் சொந்தம்னு நீங்கதான சொன்னிய? அப்ப எனக்கும் சொந்தந்தானே?"

காயில்

எங்கள் செட்டில் தீராத வியாதி ஒன்று இருந்தது. முள் ஓரிடத்தில் நிற்கும், ஸ்டேஷன் வேறொரு இடத்தில் வரும். செம்புக் கம்பியைச் சுற்றிச் செய்கிற காயிலில்தான் கோளாறு என்று தெரியும். என்ன கோளாறு என்று தெரியாது. இரண்டு வருஷம் இதையே பேசினோம். கடைசியில் ஆளாளுக்கு டயலில் இருக்கும் எண்களைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தோம். குத்துக்கல்வலசை மாடசாமி கட்டுகிற செட்டில் மட்டும் இந்தத் தொல்லை கிடையாது. அவருக்குக் கைராசி என்று முடிவு செய்திருந்தோம்.

மாடசாமி மஞ்சள்காமாலையில் படுத்த மாதம், நகல் எடுத்துப் போக அவர் மனைவி பாக்கியம் வந்தார். அவர் உள்ளே வந்ததுமே எங்களில் ஒருவர், "மைனி, பக்கத்துல அடுப்பு இருக்கு, எல்லாருக்கும் ஒரு காபி போட்டுருங்களேன்" என்றார். அவரும் போட்டுக் கொடுத்தார். அப்புறம் ஓரமாக நின்று நோட்டைப் பார்த்தவர், "இதுல எழுவத்தாறு சுத்துன்னு போட்டிருக்கு. அறுவத்தாறுல்லா சுத்தணும்?" என்றார். மாடசாமி வீட்டில் காயில் சுற்றுவது அவர்தானாம். நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். முதல் பக்கம், என் கையெழுத்து. நான் தப்பாக எழுதியதைத்தான் இரண்டு வருஷமாகத் தாலுகா முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். "இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றேன், அழாத குறையாக. காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டே பாக்கியம் சொன்னார்: "என்கிட்ட யாரு கேட்டா?"

பிளஸ், மைனஸ்

புளியங்குடிப் பாண்டியன் எலுமிச்சை மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவர். ரேடியோ அவருக்கு ஆசைக்குத்தான். எங்கள் செட் சூடாக ஆக, திருநெல்வேலி ஸ்டேஷன் மெதுவாக நழுவி மலையாளம் வந்துவிடும். செய்தி பாதியில் கேரளாவுக்குப் போய்விடும். அதற்கு மருந்து கண்டுபிடித்தவர் அவர்தான். ஒரு செட்டைக் கட்டிக் கையோடு எடுத்து வந்து, யாரும் கேட்காமலே கரும்பலகைக்குப் போய் வரைய ஆரம்பித்தார். அத்தனை வருஷத்தில் தானாக எழுந்துபோய் சாக்பீஸ் எடுத்த ஒரே ஆள்.

பேட்டரியை வரையும்போது பிளஸ் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் போட்டார். எதையும் வரையாமல் எழுதிக்கொள்ள மட்டும் வந்துகொண்டிருந்த அருணாசலம் அண்ணாச்சி பின் பெஞ்சிலிருந்து, "எலுமிச்சம்பழத்துக்கு பிளஸ் எது மைனஸ் எதுன்னு கேட்டா சரியாச் சொல்லுவாரு" என்றார். அறையே சிரித்தது. பாண்டியனும் கொஞ்சம் சிரித்தார். வரைந்தது பாதியில் நின்றது. சாக்பீஸை மேஜையில் வைத்து, விரலை வேட்டியில் துடைத்து, செட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். நான் கூட்டம் நடத்துகிறவன். எனக்கு அண்ணாச்சியிடம் பயம். நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் கடையில் உட்கார்ந்து, கரும்பலகையிலிருந்து குறித்து வைத்த அந்தப் பாதிப் படத்தைப் பார்த்தேன். அவர் போட்டிருந்தது வேறு வகை டிரான்சிஸ்டர். அதற்கு பேட்டரியை அப்படித்தான் திருப்பிப் போட வேண்டும். அவர் வரைந்தது சரி. மீதிப் பாதி எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மூன்று கார்டு போட்டேன், பதில் இல்லை. நேரிலேயே புளியங்குடி போனேன். மண்டியில் லாரிக்கு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று உட்காரச் சொன்னார். "நீங்க வரைஞ்சது சரிதான் பாண்டியன். அடுத்த மாசம் வாங்க, எல்லார் முன்னாலயும் சொல்லுதேன்" என்றேன். அந்த செட்டைப் பிரித்துப் பாகங்களை யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "நான் சிரிக்கலயே" என்றேன். எதற்காக அதைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, மரியாதை துளியும் குறையாமல் சொன்னார்: "நீங்க சிரிக்கல அண்ணாச்சி. வாயத் தொறக்கவும் இல்லல்லா?"

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் கூட்டம் நடந்தது. ஸ்டேஷனும் நழுவிக்கொண்டேதான் இருந்தது. எண்பதுகளில் டேப்ரிக்கார்டர் வந்து எங்கள் செட்டையே யாரும் கேட்காமல் போனபோது, கூட்டத்தை நிறுத்த ஒரு கூட்டம் போட்டேன். அதற்கு ஒருவரும் வரவில்லை.

மாதக் கூட்டம் நடத்த என்னென்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் இப்போதும் சொல்வேன்: பெஞ்சு, கரும்பலகை, காபி எல்லாம் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும், சிரிக்கிறவரைப் பார்த்து "போதும் அண்ணாச்சி" என்று சொல்கிற ஒரு ஆளை மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அது நடத்துகிறவனாக இருக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.